உரம் போகும் வழி: ஆற்றுமுகச் சேற்றின் வரலாறு



எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் படித்த மாணவன் ஒருவன் ஒரு நாள் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய தாயார் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்பவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், உரமூட்டையைப் பிரித்து வாளியில் அள்ளி, செம்பனை மரங்களைச் சுற்றி வீசிவிட்டு, கை எரிச்சலோடு வீடு திரும்புபவர். "ஐயா, எங்க அம்மா போடுற உரம் முழுசையும் மரம் சாப்பிட்டுருமா? மிச்சம் எங்க போவுது?" என்றான் அவன்.

"மழையில் கரைந்து வடிகாலுக்குப் போகும். அங்கிருந்து ஆற்றுக்குப் போகும். ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகும்" என்றோம்.

"கடலுக்குப் போய்?" என்றான்.

அந்த இடத்தில் எங்கள் பதில் நின்றுவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த பாடம், பயற்றுச் செடியின் வேர் முடிச்சோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை காண உலகத்து அறிஞர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது என்பது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். நிபோங் திபால் என்ற பெயரிலேயே சேறு இருக்கிறது. நிபோங் என்பது உவர்நீர்ச் சதுப்பின் ஓரத்தில் கூட்டங் கூட்டமாக வளரும் ஒருவகைப் பனை. 'திபால்' என்றால் அடர்த்தி. அத்தகைய மண்ணில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. கலிடோனியா, பைராம், பத்து காவான், ஜாவி என்று நாம் இன்றும் சொல்லும் பெயர்கள் பல அந்தக் காலத்துக் கரும்புத் தோட்டங்களின் பெயர்களே. சதுப்புக் காட்டை வெட்டி, கடல்நீர் ஏறாதபடி கரை கட்டி, வடிகால் தோண்டி அந்த நிலத்தைத் திருத்தினார்கள். அந்த வேலையில் நம் முன்னோர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு ரப்பர் போய்ப் பெரும்பாலும் செம்பனை வந்தது. பயிர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. தோட்டத்து வடிகால்களின் நீர் ஆற்றில்தான் விழுகிறது. கிரியான் ஆறு அந்த நீரையும், அக்கரையில் உள்ள நெல்வயல்களின் நீரையும் சுமந்துகொண்டு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் கண்டல் காடும், நீர் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் சேறும் உள்ளன.

இனி உரத்துக்கு வருவோம். உரத்தில் முக்கியமான சத்து நைட்ரஜன். தமிழ்நாட்டு உழவர்கள் இதைத் தழைச்சத்து என்பார்கள். இலைக்குப் பச்சையையும் உடலுக்குத் தசையையும் தருவது இதுதான். 1772ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேனியல் ரூதர்போர்டு என்பவர் இந்த வாயுவைக் காற்றிலிருந்து பிரித்துக் காட்டினார். நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணம் போன்றது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் மரமோ மாடோ மனிதனோ அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது.

பூட்டுத் திறந்த நைட்ரஜன் இரண்டு முக்கிய வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று அம்மோனியா. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மரத்துப் பால் உறைந்துவிடாமல் இருக்கச் சேர்ப்பார்களே, மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவைக்கும் மருந்து, அதேதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் நவச்சாரமும் அம்மோனியாவின் உறவே. மற்றொரு வடிவம் நைட்ரேட். நம் முன்னோர் இதை வெடியுப்பு என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். மருந்திலும் வாணவேடிக்கையிலும் பயன்பட்டது அது.

வெடியுப்புக்கும் நாம் வாழும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பழைய குடியிருப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் சாணமும் சிறுநீரும் ஊறிய மண்ணின் மேல் வெள்ளையாக ஓர் உப்புப் பூக்கும். பீகாரில் அந்த மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஏழை மக்கள் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பீரங்கி மருந்துக்கு வெடியுப்பு இன்றியமையாத பொருள். 1786இல் பினாங்கில் கொடியேற்றியதும், 1800இல் எதிர்க்கரையாகிய செபராங் பிறையில் கால் வைத்ததும் அதே கம்பெனிதான்.

ஆனால் தொழுவத்து மண்ணில் வெடியுப்பு எப்படிப் பூக்கிறது என்பது கம்பெனிக்கும் தெரியாது, அதைச் சுரண்டிய ஏழைக்கும் தெரியாது. அது ஏதோ இரசாயன மாற்றம் என்றே வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1877இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நீண்ட குழாய் ஒன்றில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் 20 நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, உள்ளே போன அம்மோனியா கீழே நைட்ரேட்டாக வெளிவரத் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றமானால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டாமா? அடுத்து, உயிர்களை மயக்கும் குளோரோபாரம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோயிற்று. ஆகவே உள்ளே வேலை செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று என்பது உறுதியாயிற்று. 1890இல் ரஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

அதே காலத்தில் பிரான்சு நாட்டில் கேயோன், டுபெட்டி என்ற வேறிருவர் இதற்கு எதிரான வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைக் கண்டார்கள். 1882 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள், காற்றுப் புகாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன என்று காட்டின. உழவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்பட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய உரத்தைக் காற்றில் விடும் திருட்டுப் பிராணி என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தத் 'திருட்டு' எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பின்னால்தான் புரிந்தது.

1888இல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க், பயற்றுச் செடிகளின் வேர் முடிச்சில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பூட்டுத் திறந்து கொடுக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ரப்பர்க் கன்றுகளின் வரிசைகளுக்கு நடுவே புவேரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளைப் படரவிடுவது நம்மில் பலர் கண்ட காட்சி. மண் அரிப்பைத் தடுப்பதோடு, அந்தக் கொடிகளின் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தையும் கொடுக்கின்றன.

இப்படி மூன்று வேலைகள் தெரியவந்தன. காற்றிலிருந்து நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருவது ஒன்று. அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது ஒன்று. நைட்ரேட்டைத் திரும்பக் காற்றுக்கே அனுப்புவது ஒன்று. வரவும் செலவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒத்துப்போயின.

1909இல் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. ஜெர்மானிய அறிஞர் பிரிட்ஸ் ஹேபர், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் முறையைச் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை முறையாக்கினார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை இயங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவு விளைவது இந்த முறையில் செய்த உரத்தால்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யூரியாவும் சல்பேட் உரமும் நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை இதுவே. ஆனால் வயலில் போடும் நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதிதான் பயிருக்குச் சேருகிறது. மண்ணில் அம்மோனியா களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டோ மண்ணோடு ஒட்டாது. மழை பெய்தால் சர்க்கரை போலக் கரைந்து வடிகாலில் ஓடிவிடும்.

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வந்துவிட்டோம். கடலுக்குப் போய் என்ன ஆகிறது?

நீர் வற்றிய நேரத்தில் ஆற்று முகத்துவாரச் சேற்றை ஒரு கத்தியால் வெட்டிப் பாருங்கள். மேலே மெல்லிய தோல் போலப் பழுப்பு நிறம். அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே மை போலக் கறுப்பு. அழுகிய முட்டை வாடை வீசும். பழுப்புத் தோல் வரைக்கும்தான் பிராணவாயு எட்டுகிறது. அதற்குக் கீழே பிராணவாயு இல்லை. ஆனாலும் உயிர் இருக்கிறது. எப்படி?

சப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காதபோது நம் பாட்டன் பாட்டிமார் என்ன செய்தார்கள்? மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அரிசி இருந்தால் அரிசி, இல்லையானால் கிழங்கு. சேற்று நுண்ணுயிர்களின் வாழ்க்கையும் அப்படித்தான். பிராணவாயு இருக்கும்வரை அதைக் கொண்டு சுவாசிக்கும். அது தீர்ந்தால் நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவைக் கொண்டு சுவாசிக்கும். அப்படிச் சுவாசித்த பிறகு மிஞ்சும் நைட்ரஜன் குமிழியாகிக் காற்றோடு கலக்கிறது. நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில், கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் வேறு நுண்ணுயிர்கள் வாழும். அந்த அழுகிய முட்டை வாடை அவற்றின் வேலை.

இன்னும் ஒரு விந்தை. சேற்று நண்டும் புழுவும் வளை தோண்டுகின்றன. நீர் ஏறும்போது அந்த வளை வழியே பிராணவாயு உள்ளே இறங்குகிறது. வளையின் சுவரெல்லாம் பழுப்பு நிறமாகிவிடும். அங்கே ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். ஒரு விரற்கடை தள்ளி, கறுப்புச் சேற்றில், இன்னொரு வகை அந்த நைட்ரேட்டை வாங்கிக் காற்றுக்கு அனுப்பும். ஒருவர் பாலைக் கொண்டுவந்து கொடுக்க, மற்றவர் நிறுத்து வாங்குவது போல வேலை நடக்கிறது. நண்டு இல்லாத சேற்றில் இந்த வேலை மந்தமாகிவிடும். கண்டல் மரங்களும் மூச்சுவேர் வழியே பிராணவாயுவைக் கீழே இறக்கிச் சேற்றுக்குள் உதவி செய்கின்றன.

இவ்வளவோடு முடிந்தது என்றுதான் அறிஞர்கள் நினைத்தார்கள். 1977இல் வியன்னாவைச் சேர்ந்த எங்கெல்பர்ட் புரோடா என்பவர், பிராணவாயு இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் உயிர் ஒன்று இயற்கையில் இருக்க வேண்டும், அதை இன்னும் நாம் காணவில்லை என்று கணக்குப் போட்டு எழுதினார். 1990களில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் அம்மோனியா காணாமற்போவதைக் கவனித்தார்கள். தேடிப் பார்த்தால் புரோடா சொன்ன உயிரே அங்கிருந்தது. 2002இல் டென்மார்க் நாட்டு அறிஞர்கள் அதே வேலை கடலடிச் சேற்றிலும் நடக்கிறது என்று காட்டினார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வாயு எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். லயத்தில் பத்துப் பேருடைய ஆடுகள் ஒன்றாக மேயும்போது, நம் ஆட்டின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம் அல்லவா? அதுபோல நைட்ரஜனில் சற்றுக் கனமான வகை ஒன்று உண்டு. அந்தக் கன நைட்ரஜன் கொண்ட நைட்ரேட்டைச் சேற்றில் கலந்து, பிறகு அது எந்த வடிவில் வெளிவருகிறது என்று பார்ப்பார்கள்.

நம் ஊரைப் போன்ற கண்டல் சேற்றை இந்த வகையில் ஆராய்ந்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த லோகபாரதி முதலானோர், பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, துவெம், திவார் என்ற இரண்டு கண்டல் காடுகளின் சேற்றை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் ஒரு புதிய செய்தி கிடைத்தது. அந்தச் சேற்றில் நைட்ரேட்டின் பெரும்பகுதி காற்றுக்குப் போகவில்லை. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதைத் திரும்பவும் அம்மோனியாவாக்கிச் சேற்றிலேயே நிறுத்திக்கொண்டன. சத்துக் குறைவான கண்டல் காடு, கிடைத்த நைட்ரஜனைச் சிக்கனமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வருமானம் குறைந்த வீட்டில் நம் தாய்மார் அரிசிப் பானையில் காசு போட்டு வைப்பது போலத்தான்.

ஆகவே சேறு ஒரே வேலையை எப்போதும் செய்வதில்லை. சத்துக் குறைவாக வந்தால் சேமிக்கும். மிகுதியாக வந்தால் காற்றுக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் தாங்கும் அளவுக்கு மீறி வந்தால் என்ன ஆகும்?

கடல்நீரில் நைட்ரஜன் மிகுந்தால் பாசி பெருகும். பாசி மடிந்து அடியில் அழுகும். அழுகும்போது பிராணவாயு முழுவதும் செலவாகிவிடும். மீனும் இறாலும் ஓடிப்போகும். ஓட முடியாத சிப்பியும் புழுவும் சாகும். வளை தோண்டும் உயிர்கள் செத்த பிறகு, அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையும் நின்றுபோகும். சேறு சத்தைக் காற்றுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அம்மோனியாவைத் திரும்ப நீரிலேயே விடத் தொடங்கும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு சேரும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் இந்த நிலை உண்டாகிறது. 2017இல் அப்படிப் பிராணவாயு வற்றிய கடற்பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர். நம் பேரா மாநிலத்தின் பரப்பைவிட அது பெரிது.

இந்தியாவின் மேற்குக் கரையோரத்திலும் மழைக்காலத்தை ஒட்டிப் பிராணவாயு குறைந்த நீர் அடியிலிருந்து மேலேறுகிறது. அங்கே நைட்ரேட்டைக் காற்றுக்கு அனுப்பும் வேலை பாதியில் நின்று, 'சிரிப்பு வாயு' என்று சொல்லப்படும் நைட்ரஸ் ஆக்சைடு மிகுதியாக வெளிவருவதை நக்வி என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 2000இல் அறிவித்தார்கள். நிலத்திலிருந்து வரும் உரச் சத்து இதை மேலும் கடுமையாக்கியிருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். பெயர் சிரிப்பு வாயு, விளைவு சிரிப்புக்குரியதன்று. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமிலவாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வலிமை உடையது.

நம் பக்கத்திலும் சேறு சொன்ன பாடம் உண்டு. 1970களில் ஜூரு ஆற்று முகத்துவாரத்து மீனவர்கள், ஆறு மாசுபட்டு மீன் குறைந்துவிட்டது என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட்டார்கள். மீன் குறைந்தபின் அவர்களில் பலர் சேற்றில் கெராங் சிப்பி வளர்க்கத் தொடங்கினார்கள். சேறு கெட்டால் தங்கள் சோறு கெடும் என்பதை எந்த ஆராய்ச்சிக் கூடமும் சொல்வதற்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள். நிபோங் திபாலை அடுத்த சுங்கை ஆச்சேயில், 1990களில் தோன்றிய பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் தங்கள் கையாலேயே லட்சத்துக்கு மேற்பட்ட கண்டல் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். மீன்குஞ்சு வளர ஒரு தொட்டில் வேண்டும் என்று அவர்கள் நட்டார்கள். அந்த மரங்களின் வேரடியில் நுண்ணுயிர்களும் வேலையைத் தொடர்கின்றன.

நேயர்களே, சேறு என்றாலே முகம் சுளிப்பது நம் வழக்கம். 'சேற்றில் கிடப்பவன்' என்றால் வசைச் சொல். வெறும் சேறுதானே என்று மண் கொட்டி மேடாக்கினால் ஊர் முன்னேறியதாக எண்ணுகிறோம். ஆனால் கிரியான் கரையில் இரவில் மின்மினிகள் மின்னும் மரங்களும், நாம் வாங்கும் மீனும், சிப்பியும் அந்தச் சேற்றை நம்பியே இருக்கின்றன. சம்பளம் கேட்காமல், ஓய்வு நாள் இல்லாமல், பெரட்டில் பெயர் கூடக் கூப்பிடப்படாமல் அங்கே வேலை நடக்கிறது. பெயர் இல்லாத உழைப்பின் அருமை நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

நாம் என்ன செய்யலாம்? வானம் இருண்டு வரும் நேரத்தில் உரம் போட்டால் அது மரத்துக்குச் சேராது, ஆற்றுக்குத்தான் சேரும். இது காட்டில் வேலை செய்யும் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை மேற்பார்வை செய்பவரிடம் எடுத்துச் சொல்வதில் தவறில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது தோட்டத்துக்கும் ஆதாயம்தான். வீட்டுத் தோட்டத்தில் ஒரே நாளில் அள்ளிப் போடாமல் சிறிது சிறிதாகப் போடலாம். குப்பையையும் மாட்டுச் சாணத்தையும் வடிகாலில் தள்ளாமல் குழி வெட்டி மக்கவைக்கலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், நண்டு வளையின் பழுப்புச் சுவரைக் காட்டலாம். அதற்குக் காசு வேண்டாம்.

நாங்கள் அந்த மாணவனை மறுபடி அழைத்து விடை சொன்னபோது அவன் ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்டான். "உன் அம்மா போட்டதில் ஒரு பங்கு மரத்துக்குப் போகிறது. மிச்சத்தில் கொஞ்சம் அங்கேயே மண்ணில் தங்குகிறது. ஆற்றோடு போனதில் ஒரு பங்கைச் சேறு சேர்த்து வைக்கிறது. ஒரு பங்கைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. சேற்றால் தாங்க முடியாதது கடலைக் கெடுக்கிறது" என்றோம்.

அவன் சற்று யோசித்தான். "அப்போ அம்மா கம்மியா போட்டாப் போதும்னு யாராவது சொல்லணும், இல்லையா ஐயா?" என்றான்.

"ஆமாம்" என்றோம். வேறு என்ன சொல்ல முடியும்?